கலப்பும் இணைப்பும்

கலத்தல் வேறு, இணைதல் வேறு. எண்ணெயையும் நீரையும் எவ்வளவு கலக்கினாலும் சிறிது நேரத்தில் அவை தனித்தனியே நிற்கும். எண்ணெய் தேய்த்து நீராடுவோர் இதனை நன்கு அறிவர். நீர் மட்டும் எண்ணெயைப் போக்குவதில்லை, சீயக்காயும் வேண்டும். சீயக்காயிலுள்ள ஒரு பொருள் எண்ணெயை ஒரு முனையாலும் நீரை மறுமுனையாலும் பற்றிக்கொள்கிறது. இவ்வாறு நடுநின்று இணைக்கும் பொருளின் தேவையைப் பிளாஸ்டிக் தொழிலிலும் நான் ஒருமுறை நேரிற் கண்டேன்.

பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மணிகளாக்கும் சிறிய தொழிற்கூடம் அது. பெண்கள் சிலர் புட்டிகளை ஒருபுறமும் அவற்றின் மூடிகளை மறுபுறமுமாகப் பிரித்துக்கொண்டிருந்தனர். “எல்லாம் பிளாஸ்டிக்தானே? ஏன் பிரிக்கவேண்டும்?” என்று வினவினேன். மூத்த தொழிலாளி ஒருவர் விடை கூறாமல், இரண்டையும் சேர்த்து உருக்கி வார்த்த பட்டை ஒன்றை என் கையில் தந்தார். இருமுறை மடக்கினேன், பட்டை பிளந்து முறிந்தது. “தனித்தனியே இருந்தபோது இரண்டும் நன்றாக வளைந்தவைதாம், ஐயா!” என்றார் அவர்.

இதற்குக் காரணம் என்ன? அப்புட்டிகள் பாலிஎத்திலீன் என்னும் பொருளாலும், மூடிகள் பாலிபுரோப்பிலீன் என்னும் பொருளாலும் ஆனவை. இரண்டிலும் உள்ளவை கார்பனும் ஹைட்ரஜனுமே. உடன்பிறந்தார் போன்ற இவை ஏன் கலப்பதில்லை? இவற்றின் மூலக்கூறுகள் பல்லாயிரம் கண்ணிகள் கோத்த நெடுஞ்சங்கிலிகள். கண்ணிக்கும் கண்ணிக்கும் உள்ள ஒவ்வாமை மிகச் சிறிதே. ஆயினும் சங்கிலி முழுவதும் சேரும்போது அது பெரிதாகிவிடுகிறது. தனித்தனித் துகள்கள் எளிதிற் பரவிக் கலந்துவிடும். சங்கிலியிற் கட்டுண்ட கண்ணிகளுக்கு அவ்வுரிமை இல்லை. ஃபுளோரி, ஹக்கின்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1940-களின் தொடக்கத்தில் தனித்தனியே இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். கலவாத பிளாஸ்டிக் இரண்டை உருக்கிச் சேர்த்தால், ஒன்று மற்றொன்றினுள் துளித்துளியாய் நிற்கும். ஆறியபின் அத்துளிகளின் எல்லையில் போதிய பிடிப்பு இராது. விசை பட்டதும் அங்கேதான் பிளவு தோன்றும்.

அறிவியலார் இதற்கு வழி கண்டுள்ளனர். இரு பொருள்களின் கண்ணிகளையும் ஒரே சங்கிலியில் கோத்துச் சிறிதளவு சேர்க்கின்றனர். அச்சங்கிலியின் ஒரு பகுதி துளிக்குள்ளும் மறுபகுதி வெளியிலும் வேரூன்றி எல்லையைத் தைத்துவிடுகிறது. 2017-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர், மேற்கூறிய இரண்டையும் மாறிமாறி நான்கு துண்டுகளாக இணைத்த சங்கிலியை உருவாக்கினர். நூற்றில் ஒரு பங்கு சேர்த்த அளவிலேயே, எளிதில் முறியும் கலவை உறுதி பெற்று இழுவைக்கு நீண்டு கொடுத்தது! எளிதில் உடையும் பாலிஸ்டைரீனையும் இவ்வாறே வலுப்படுத்துகின்றனர். ரப்பர்ச் சங்கிலியின்மீது, மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவதுபோலப் பாலிஸ்டைரீன் கிளைகளை வளர்க்கின்றனர். குளிர்பதனப் பெட்டிகள் பலவற்றின் உட்சுவர் இத்தகைய பிளாஸ்டிக்கால் ஆனது.

இணைக்கும் பொருளைச் சேர்த்தபின்னும் துளிகள் துளிகளாகவே உள்ளன, முன்னினும் நுண்ணியவாகின்றன, எல்லை மட்டும் வலுப்பெறுகிறது. தத்தம் இயல்பை இழக்காமலே இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. ஒற்றுமைக்கு ஒரே தன்மை வேண்டுவதில்லை; இருபுறமும் உறவுடைய ஒன்று நடுவே இருத்தல் போதும்.

எனினும் இத்தகைய பொருளைச் செய்வது எளிதன்று, பொருட்செலவும் மிகுதி. புட்டியையும் மூடியையும் நீரிலிட்டுப் பிரிக்கலாமெனில், இரண்டும் மிதக்கும் இயல்பின. ஆதலின், மாணவர்களே, கழித்த பிளாஸ்டிக்கை இனம் பிரித்து ஒதுக்குங்கள். கலந்து எறிந்தால் குப்பையாவது, பிரித்து வைத்தால் மீண்டும் ஒரு பொருளாகும்.