மண்ணை முகர்ந்து பாருங்கள்!

உருளைக்கிழங்குக் கறி என்றால் நம் வீடுகளில் சின்னவர், பெரியவர் என்ற பேதமே கிடையாது. காலைப் பூரியானாலும் சரி, கல்யாணப் பந்தியானாலும் சரி, அது வராமல் இலை நிறைவதில்லை. ஆனால், "இந்தக் கிழங்கு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் உடனே "ஊட்டி!" என்று பதில் வரும். மொட்டை மாடியிலிருந்தும் வரும் என்று நான் சொன்னால் நேயர்கள் சிரிக்கக் கூடாது. இரண்டு குளிர்காலமாகச் சென்னையில் எங்கள் வீட்டு மாடியில் வந்துகொண்டிருக்கிறது.

முதலிலேயே ஓர் எச்சரிக்கை. காய்கறிச் செலவைக் குறைக்கலாம் என்று எண்ணி இதில் இறங்காதீர்கள். சென்னையில் ஒரு பைக்கு அரைக் கிலோ கிடைத்தாலே அதிர்ஷ்டம்தான். வெயிலில் செடி தழைதழையென்று வளரும். ஆனால் மண்ணுக்கடியில் கிழங்கு பிடிக்க வேண்டுமானால் இரவில் குளிர்ச்சி வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதற்கு உத்தமம். சென்னையில் மார்கழி, தை இரவுகள் அந்த எல்லையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். கோயம்புத்தூர்க்காரர்களும் ஓசூர்க்காரர்களும் நம்மைவிடப் பாக்கியசாலிகள்.

"அப்படியானால் எதற்கு ஐயா இந்தச் சிரமம்?" என்று கேட்கிறீர்களா? அதற்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூர் ஜில்லாவில் நாற்பது வருஷம் வயலும் வரப்புமாக வாழ்ந்தவர் அம்மா. அப்பா காலமான பிறகு எங்களோடு மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தார். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் தொலைக்காட்சிக்கும் குறைவில்லை. ஆனால் யாரும் அவரிடம் அபிப்பிராயம் கேட்கும்படியான காரியம் எதுவும் அந்த மூன்றாம் மாடியில் நடப்பதில்லை. மத்தியான்ன வேளைகளில் ஜன்னலருகே உட்கார்ந்து, மடியிலிருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கைகளுக்கு வேலை இல்லை.

மாடித் தோட்டம் பற்றி எழுதுவதற்காக ஒரு நாள் மூன்று கடைகளிலிருந்து மூன்று மூட்டை மக்கு உரம் வாங்கி வந்து வரிசையாகப் பிரித்து வைத்தேன். மூன்றின்மேலும் "முதல் தரம்" என்றே அச்சடித்திருந்தது. அம்மா மெதுவாக எழுந்து வந்தார். முதல் மூட்டையில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, "இது இன்னும் வேகலைடா. அரைவேக்காட்டுச் சோத்தைத் தின்னா வயித்தை வலிக்காதா? செடிக்கும் அப்படித்தான்" என்றார். இரண்டாவதைப் பிசைந்து பார்த்து, "இதிலே பாதி வெறும் மண்ணு" என்றார். மூன்றாவதை முகர்ந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

தோட்டக் கலைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். அம்மா சொன்னதைத்தான் அவை நீட்டி முழக்கிச் சொல்லியிருந்தன. மக்காத உரத்தில் நுண்ணுயிர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த வேலைக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் வாயிலிருந்தே அவை பிடுங்கிக் கொள்ளும். சூடும் காரநெடியும் வேறு வேரைச் சுட்டுவிடும்.

ஆகவே, புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் மூட்டையின்மேல் இருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். மூக்கையும் கையையும் நம்புங்கள். நல்ல மக்கு உரம் கறுத்த பழுப்பு நிறமாக, முதல் மழை பெய்த மண்ணைப் போல மணக்கும். இது இலை, இது தோல் என்று அடையாளம் தெரியக் கூடாது. உள்ளே கை விட்டால் சூடு இருக்கக் கூடாது. பிடித்து அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தொட்டதும் உதிர வேண்டும். அப்படியும் சந்தேகமா? ஒரு கிண்ணத்தில் அதை நிரப்பிக் கொஞ்சம் வெந்தயத்தைத் தூவி வையுங்கள். ஒரு வாரத்தில் பளிச்சென்று முளைத்தால் உரம் வெந்துவிட்டது. முளை கருகினால் இன்னும் ஒரு மாதம் ஆறப் போடுங்கள்.

விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமென்பதும் இல்லை. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் நாட்டுக் குடியானவர்களின் வழக்கங்களைக் கவனித்து, மக்கு உரம் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். உலகம் அதை 'இந்தூர் முறை' என்றே அழைக்கிறது. சருகு, காய்கறிக் கழிவு, சாணம், கொஞ்சம் மண் என்று அடுக்கி, ஈரம் காயாமல் அவ்வப்போது புரட்டிவிட்டால், ஏறக்குறைய மூன்று மாதத்தில் உரம் தயார். துளையிட்ட பழைய வாளி ஒன்று போதும்.

தொட்டிக்கு மண் கலவை சொல்கிறேன். செம்மண் ஒரு பங்கு, மக்கு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும்; இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுச் சேருங்கள். மண்புழு உரமானால் அரைப் பங்கு போதும். பச்சைச் சாணத்தையும், சாம்பலை அள்ளி அள்ளியும் போடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் கொழிக்கும். சாம்பலால் காரத்தன்மை ஏறினால் கிழங்கின் தோலில் சொறி விழும்.

விதைக் கிழங்கு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கடைக் கிழங்கு முளைக்காமலிருக்க மருந்திட்டதாக இருக்கலாம். முளை விட்டதைத்தான் எடுக்க வேண்டும். கிடைத்தால் 'குஃப்ரி சூர்யா' ரகத்தை வாங்குங்கள். வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி, 2006-ல் வெளிவந்த ரகம் அது. ஊட்டிக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள் அங்கிருந்து விதைக் கிழங்கோ, ஒரு பிடி மண்ணோ கொண்டுவர வேண்டாம். 1961-ல் நீலகிரி மண்ணில் ஒரு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அதன் முட்டைக் கூடுகள் இருபது வருஷத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். நாம் வேடிக்கையாகக் கொண்டுவரும் மண் இன்னொரு குடியானவரின் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடும்.

ஒரு முழ உயரமுள்ள சாக்கோ வளர்ப்புப் பையோ எடுத்து, அடியில் துளைகள் போடுங்கள். கார்த்திகையில் அடைமழை ஓய்ந்ததும், அரை அடி கலவை நிரப்பி, கோழிமுட்டை அளவுள்ள ஒரு கிழங்கை முளை மேலே இருக்கும்படி வைத்து மூடுங்கள். செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனி இலைகளை மட்டும் விட்டுவிட்டு மேலும் கலவையைப் போடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்ய வேண்டும். உருளைக்கிழங்கு வேரல்ல, தண்டு. வெளிச்சம் பட்டால் பச்சையாகிவிடும். அந்தப் பச்சைக் கிழங்கில் விஷச் சத்து உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் அதைச் சமையலறைக்குள்ளேயே விடாதீர்கள்.

மண் ஈரமாக இருக்கலாம், சேறாக இருக்கக் கூடாது. சுமார் மூன்று மாதத்தில் இலைகள் மஞ்சளாகும். உடனே தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் பொறுத்து, பையைக் கவிழ்த்துவிடுங்கள்.

பையைக் கவிழ்க்கும் நாளில் எங்கள் மாடியில் ஒரே கூட்டம். எதிர் வீட்டுக் குழந்தைகள் மண்ணைத் துழாவிக் கிழங்கு எடுக்கும்போது போடும் கூச்சலைக் கேட்டால், அரைக் கிலோவுக்கு இவ்வளவா என்று தோன்றும். அதைவிட எனக்கு முக்கியமான செய்தி வேறு. இப்போது மற்ற வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பிடி உரத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வருகிறார்கள். "பாட்டி, இது வெந்துடுத்தா பாருங்கோ!" என்கிறார்கள். அம்மாவின் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. மத்தியான்னம் ஜன்னலருகே உட்கார அவருக்கு நேரமும் கிடையாது.

கிழங்கு எடுத்த மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் புது உரம் கலந்து கீரை விதையுங்கள், அவரை போடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மட்டும் உடனே வேண்டாம். அவை உருளையின் தாயாதிகள், ஒரே வியாதிதான் வரும். முதல் வருஷத்துக்கு இரண்டு பை போதும். உரம் வாங்கப் போகும்போது, உங்கள் வீட்டில் மண் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், கையோடு அழைத்துக்கொண்டு போங்கள்.