சுமையேற்றிக் காணும் உண்மை

விளக்கு எரியாவிடின் எண்ணெயைக் குறைகூறுவார் பலர். திரியை நோக்குவார் சிலர். சக்கரங்களின் மேல் வீட்டைச் சுமந்தோடும் வண்டியிலும் இவ்வியல்பே காணப்படும். விளக்கு மங்கினும், விசிறி நிற்பினும் முதற்கண் பழிக்கப்படுவது பாட்டரியே.

எம் தாய்மாமன் பழைய வேன் ஒன்றனை உறங்கவும் சமைக்கவும் தக்கவாறு அமைத்துள்ளார். சென்ற கோடை விடுமுறையில் அவருடனும் அத்தையுடனும் அதில் மலைநாடு சென்றோம். இரண்டாம் நாள் மாலை, வண்டியிலிருந்த சிறு குளிர்பெட்டி சற்றே ஓடுவதும் உடனே நிற்பதுமாயிற்று. அதனுள் அத்தையின் இன்சுலின் இருந்தது. திறவாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிற் காத்தல் வேண்டும். மருந்துக்கடையோ மலையடிவாரத்தில்.

“பாட்டரி தீர்ந்தது, மருமகனே, புதிது வாங்கவேண்டியதுதான்” என்றார் மாமன். அளந்து பார்த்தோம்: 12.6 வோல்ட்டு. நிறைந்த பாட்டரிக்குரிய அளவு அஃது. குளிர்பெட்டியின் முனைகளிலும், அது நின்றிருந்தபோது, அதே 12.6. ஆயின் பெட்டி ஓடத் தொடங்கியதும் அதன் முனைகளில் அளவு 10.1 ஆயிற்று, பாட்டரியிலோ 12.5 குன்றாது நின்றது. இடைவழியில் 2.4 வோல்ட்டு மறைந்தது!

ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி ஈண்டுத் துணைபுரியும். மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்கின், இழந்த அழுத்தம் விளங்கும். 5 ஆம்பியர் ஓடுங்கால் அரை ஓம் அளவிற்கும் குறைந்த தடையே இவ்விழப்பிற்குப் போதும். ஓட்டமில்லையேல் இழப்புமில்லை, ஆதலின் ஓய்ந்திருக்கும் இணைப்பு தன் குறையைக் காட்டாது.

பின்னர், பெட்டி ஓடும்போதே அளவுகருவியின் ஒரு கம்பியைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றதைப் பெட்டியின் எதிர்முனையிலும் வைத்தோம். 2.3 வோல்ட்டு காட்டிற்று. எனவே, குறை வண்டியின் இரும்புடலோடு கம்பி சேரும் எர்த்து இணைப்பின் பக்கத்ததே. தொட்டால் அவ்விணைப்பு வெதுவெதுப்பாயிருந்தது. பாட்டரிக் கம்பியை முன்னர்க் கழற்றிவிட்டுத் திருகாணியை நீக்கினோம்; அடியில் துரு படர்ந்திருந்தது. உப்புத்தாளால் இரும்பு ஒளிருமளவும் தேய்த்து இறுக்கினோம். பெட்டி இடையறாது ஓடிற்று. மருந்தும் கெடாது தப்பிற்று.

புதிய பாட்டரி வாங்கியிருப்பின் பொருள் போயிருக்கும், பிணியோ நீங்கியிராது. ஓய்வில் எல்லா இணைப்பும் உறுதியுடையனவாகவே தோன்றும். சுமையேற்றிய பின்னரே எது பொய்யென்பது புலனாகும். கேடு வருங்கால் நட்பை அளந்தறியும் தமிழ் மாணவர்க்கு இது புதிய பாடமன்று.