கண்ணு!

"கண்ணு!"

கொங்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் கழுத்து தானாகத் திரும்பும். அம்மாயி கூப்பிட்ட சொல் அது. மளிகைக்கடைக்காரர்கூட மீதிச் சில்லறையை "இந்தா கண்ணு" என்றுதான் நீட்டுவார். நானும் திரும்பினேன். பளீரென்று நீலவெள்ளை வெளிச்சம். லாரிக்கு அடியில் குந்தியிருந்த வெல்டர் என்னைக் கூப்பிடவே இல்லை. கண்ணை மூடு என்று எச்சரித்திருக்கிறார். பட்டறையில் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, நான் ஒருவன் மட்டும் ஆசையாக அந்தப் பக்கம் பார்த்தேன்.

நாமக்கல்லுக்கு வெளியே, முதலைப்பட்டிப் பக்கம், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை அது. கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வரும் வண்டி இங்கேதான் லாரியாகிறது. தேக்கும் வேங்கையும் இழைத்துப் பாடி கட்டிய காலத்தில் ஆசாரியின் உளிச் சத்தம்தான் தெருவெங்கும் கேட்கும் என்றார் மேஸ்திரி. இப்போது சேனலும் ஆங்கிளும் தகடும்தான். ஆசாரிக்குத் தளப்பலகை வேலை மட்டும் மிச்சம். வெல்டர், ஆசாரி, பெயிண்டர், எலக்ட்ரீஷியன் என்று நாலு தொழில்காரர்களுக்கும் ஒரே தகரக் கொட்டாய். ஆனால் நாலு பேரும் தனித்தனிக் காண்ட்ராக்ட். ஒருவர் வேலை இன்னொருவருக்குப் பொறுப்பில்லை. ஆபத்து அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

அன்று மாலைவரை பராக்குப் பார்த்ததற்கு இரவு பதினொன்றரைக்குக் கூலி கிடைத்தது. லாட்ஜ் கட்டிலில் படுத்திருந்தவன் இரண்டு கண்ணிலும் ஆற்று மணலை அள்ளிப் போட்டதுபோல எழுந்து உட்கார்ந்தேன். தண்ணீர் கொட்டுகிறது, விளக்கைப் பார்க்க முடியவில்லை. லாட்ஜ் மேனேஜருக்கு இது பழகிய காட்சி. "பட்டறைக்குப் போனீங்களா? உருளைக்கிழங்கை வில்லையா அரிஞ்சு வெச்சுக் கட்டுங்க, காலைல செரியாயிரும்." பக்கத்து அறைக்காரர் தாய்ப்பால் இரண்டு சொட்டு விடச் சொன்னார். நடுராத்திரியில் அதற்கு எங்கே போவது!

காலையில் பார்த்த கண் மருத்துவர் இரண்டையும் வேண்டாம் என்றார். வெல்டிங் ஒளியிலிருக்கும் புற ஊதாக்கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. வெயிலில் முதுகுத் தோல் வெந்து உரிவது போலத்தான். பட்ட உடனே தெரியாது, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தோல் தானாக ஆறிவிடும். வெந்த இடத்தில் கிழங்கையும் பாலையும் வைத்தால் கிருமிதான் சேரும். வலி மரத்துப்போக மருந்துக்கடையில் சொட்டுமருந்து வாங்கித் திரும்பத் திரும்ப விடுவதும் தப்பு, புண் ஆறாது. இவ்வளவும் சொல்லிவிட்டுக் கேட்டார்: "நீங்க வெல்டர் இல்லையே?" வெல்டர்கள் இதற்காக அதிகம் வருவதில்லையாம். முகத்தில் மாஸ்க் இருக்கிறதே. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று தகடு பிடித்த பையன்கள்.

மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு போனேன். மேஸ்திரி சிரித்தார். "கூலிங் கிளாஸ் போட்டு வெல்டிங்கப் பாக்கறது, குடை புடிச்சுட்டுக் கெணத்துல குதிக்கற மாதிரிங்க." வெல்டரின் மாஸ்க் கண்ணாடி பத்து, பதினொன்று எண் இருள். வெளிச்சம் எழுந்த கணமே தானாக இருளும் மாஸ்க்கும் ஒன்று ஆணியில் தொங்கியது. வெல்டர் அதைத் தன் பழைய கைமாஸ்க்கைவிட நம்புவதாகத் தெரியவில்லை.

மிக் வெல்டிங் என்று புத்தகத்தில் போட்டிருப்பதைப் பட்டறையில் சிஓடூ என்கிறார்கள். ராடு மாட்டி அடிக்கும் ஆர்க் வெல்டிங்கில் ராடின் மேல்பூச்சு எரிந்து தானே புகையாகவும் கசடாகவும் உருக்கை மூடிக் காப்பாற்றும். சிஓடூவில் அந்த வேலையைச் சிலிண்டரின் கரியமில வாயு செய்கிறது. விசையை அழுத்தினால் கம்பி தானாக ஓடி வரும், கூடவே நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் வாயு நாசில் வழியாக இறங்கி உருக்குக்குக் குடை பிடிக்கும். கசடு தட்ட வேண்டாம், ராடு மாற்ற நிறுத்த வேண்டாம். புகையும் குறைவு. புகை குறைந்தால் ஒளியை மறைக்கவும் ஆளில்லை. கண்ணுக்கு அதனாலேயே கூடுதல் உக்கிரம். மூன்று நாள் பழகிய பையன்கூட நன்றாக ஒட்டிவிடுவான் என்பதுதான் இந்த மெஷினின் பெருமை. எனக்கென்னவோ அதுவே அதன் வில்லங்கமும் என்று படுகிறது. ராடு வெல்டிங் கற்க ஆண்டுக்கணக்கில் உதவியாளாக நின்றவன், கையோடு சேர்த்துப் பயத்தையும் கற்றுக்கொண்டான்.

அந்தக் குடைக்குக் காற்று ஆகாது. பட்டறையின் பெரிய சண்டை அதில்தான். வெயில் கொளுத்தும் தகரக் கொட்டாயில் பெயிண்டர் ஸ்டாண்டு ஃபேனைப் போட்டார். வெல்டர் எழுந்து வந்து அணைத்தார்.

"உன்ர ஃபேன் காத்துக்கு என்ர வெல்டு பூரா கரையான் அரிச்ச மாதிரி ஓட்டையாப் போகுதப்பா."

"காத்து இல்லாம தின்னர் நாத்தத்துல நான் சாகறதுங்களா?"

இருவர் சொல்வதும் நியாயம். வாயுக்குடை கலைந்தால் உருக்குக்குள் குமிழி நிற்கும். இருபது டன் ஏறும் வண்டியில் அது விளையாட்டில்லை. ஃபேனை நிறுத்தினால் புகை மூக்கின் உயரத்திலேயே தங்கும். வெல்டிங் புகையை 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்று உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையை ஊதித் தள்ளாமல், பக்கத்தில் குழாய் வைத்து மெல்ல உறிஞ்சி எடுப்பதுதான் வழி. திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே தெரிந்தது இங்கே வந்து சேர இன்னும் எத்தனை பஸ் மாற வேண்டுமோ.

மேஸ்திரி செய்த பஞ்சாயத்து: மத்தியானம்வரை வெல்டிங், பிறகு அரை மணி நேரம் எல்லாரும் சும்மா இருந்து எங்காவது கங்கு கிடக்கிறதா என்று பார்ப்பது, அப்புறம்தான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பது. பொறி எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டேன். அமெரிக்கத் தீத்தடுப்பு விதியில் சுற்றிலும் 35 அடிக்கு எரிகிற பொருள் கூடாது என்று படித்திருந்தேன். அவர் ஒரு வண்டியைக் காட்டி, "இந்தக் கடைசில அடிச்சா அந்தக் கடைசில மரத்தூள் பொகையுமுங்க" என்றார். வண்டி நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தின்னரைவிடச் சத்தமில்லாத எமன் ஒன்று உண்டு. எண்ணெய்ப் பிசுக்குத் துடைக்கும் சில திரவங்களில் குளோரின் சேர்ந்திருக்கும். அதன் ஆவி மேல் வெல்டிங் ஒளி பட்டால் பாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப்போரில் ஆளைக் கொன்ற அதே வாயு. டப்பாவில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. சோப்புத் தண்ணீரே போதும்.

நாமக்கல் என்றால் டேங்கர். பக்கத்துப் பட்டறையில் ஒன்று நின்றது. பெட்ரோல் ஏற்றிய டேங்கைத் தொடுவதற்கு முன் உள்ளே ஆவி இல்லை என்று தகுதியுள்ளவர் சோதித்து எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். அது புது டேங்க், ஆவிப் பயம் இல்லை. ஆனால் கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். வயிற்றுக்குள் உட்கார்ந்து அடிப்பவனின் காலடியில் தண்ணீர் மாதிரி தேங்கி ஏறும். அதனால் சிலிண்டர் வெளியே, மேல்வாயில் ஓர் ஆள் எப்போதும். டீ குடிக்கப் போனால் வெல்டிங் டார்ச்சும் கூடவே வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே விட்டால் வாயு சொட்டுச் சொட்டாய்க் கசிந்து, திரும்பி இறங்குகிறவனுக்காகக் காத்திருக்கும். மேல்வாயில் உட்கார்ந்திருந்த பெரியவர் செல்போன் பார்க்கவில்லை, பீடி குடிக்கவில்லை. நிமிடத்துக்கொரு தரம் "டேய்" என்றார். உள்ளிருந்து "ம்" வந்தது. பக்கத்தில் நின்று அதையே கொஞ்ச நேரம் கேட்டேன்.

அடுத்த நாள் எங்கள் பட்டறையில் ஒரு மாற்றம். பழைய லாரிகளில் கழற்றிப்போட்ட பின்கதவுத் தகடு இரண்டுக்குச் சக்கரம் வைத்து, வெல்டிங் நடக்கும் இடத்தைச் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். தார்ப்பாய்க்கு இந்த ஊரில் பஞ்சமில்லை, ஆனால் பொறி பட்டால் அதுவே எரியும். கதவின் பின்னால் "சத்தமாக ஒலி எழுப்பவும்" என்ற எழுத்து பாதி அழிந்திருந்தது.

பதினொரு மணிக்கு டீத்தூக்கோடு ஓர் அம்மா உள்ளே வந்தார். மறைப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "கண்ணு!" அவர் நடையை நிறுத்தவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடியபடி ஏழெட்டு எட்டு வைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் என்னிடம் வந்து டம்ளரை நீட்டினார்.