கப்பல் காத்திருக்காது

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் கரையோரங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கப்பல் ஒருநாளும் உல்லாசப் பொருளாக இருந்ததில்லை. எங்களுக்கு அது பிழைப்பு, அதுவே பிரிவு. எங்கள் வீட்டு ஆண்கள் சபர் போனார்கள். பெண்கள் கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அத்தகைய வீடொன்றிலே பிறந்த நான், 2024 ஆம் ஆண்டு, எண்பத்து நான்கு வயதான என் உம்மாவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து ஓர் உல்லாசக் கப்பலில் ஏறினேன். நான்கு இரவுப் பயணம்; வழியில் பினாங்கும் புக்கெட்டும். அந்தப் பயணத்தில் கற்றவற்றுள் சிலவேனும் இனிமேல் போகிறவர்களுக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தாலேயே இதனை எழுதுகின்றேன்.

என் வாப்பா முதன்முதலாகப் பினாங்குக்குப் புறப்பட்டது 1958-இல், 'ரஜூலா' கப்பலில். 1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம் மக்களை மலாய் நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்து சென்றது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணையாது. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பாயும் தகரப் பெட்டியும் ஊறுகாய்ச் சாடியுமாக மேல்தளத்திலேயே பலரும் நாட்களைக் கழித்தனர். வாப்பா பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார், சில மாதங்கள் தங்குவார், மீண்டும் போவார். கடைசியாக 1979-இல் சென்னையிலிருந்து 'சிதம்பரம்' கப்பலில் போனவர் திரும்பவில்லை. 1981-இல் தந்தி வந்தது. அடக்கமும் அங்கேயே நடந்து முடிந்துவிட்டது. அப்போது உம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உம்மா இதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. என் மகன், குடும்பத்தோடு விடுமுறைக்குப் போக வேண்டுமென்று கப்பல் நிறுவனத்தின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, "இது பினாங்குல நிக்குமா?" என்று அவர் கேட்டார். நிற்கும் என்றதும், "அப்பன்னா நானும் வர்றேன்" என்றார். ராத்தாவுக்குக் கோபம். "ஆட்டமும் பாட்டுமா இருக்கிற கப்பல்ல இந்த வயசுல உம்மாவுக்கு என்ன வேலை? பிளேன்ல கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வா" என்று வாதாடினார். உம்மா ஒரே வார்த்தையில் அதற்கு முடிவு கட்டிவிட்டார்: "அவரு போன வழியில போவணும்."

முதலில் ஆவணங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் ஏறிய கணமே நாம் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர்களாகி விடுகிறோம். ஆகவே இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் பலமுறை நுழையும் விசாவைப் பெற்றிருத்தல் வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவை வைத்துக்கொண்டு கப்பலேற வந்தால் துறைமுகத்திலேயே தடுக்கப்படுவோம். வழியிலுள்ள நாடுகளின் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டுமுன் அவற்றை விசாரித்தறிவது நல்லது. கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதமாவது எஞ்சியிருக்க வேண்டும். கப்பல் புறப்படும் நாளன்றே விமானத்தில் வந்து இறங்குவதென்று யாரும் திட்டமிடாதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் போய்விடும்; கட்டிய பணமும் போய்விடும். நாங்கள் இரண்டு நாட்கள் முன்னதாகவே சிங்கப்பூர் சேர்ந்துவிட்டோம்.

விளம்பரத்தில் காணும் கட்டணம் முழுக் கட்டணமன்று. துறைமுக வரி உண்டு. பணியாளர் அன்பளிப்பு நாள்தோறும் தலைக்கு இவ்வளவென்று கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். இணையம், குளிர்பானம், தனி உணவகங்கள், கரைச் சுற்றுலா எல்லாம் வேறு. கப்பலில் ஓர் அட்டை தருகிறார்கள். அறைச் சாவியும் அதுவே, பணப்பையும் அதுவே, அடையாளச் சீட்டும் அதுவே. பிள்ளைகள் கையில் அது இருந்தால் செலவு தெரிவதில்லை. இரவுதோறும் கணக்கைப் பார்த்துவிடுவதே நலம். கைப்பேசியை விமான நிலையில் வைத்துவிடுங்கள். கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றிக்கொண்டால் வரும் கட்டணம் திகைக்க வைக்கும்.

பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அவை அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். ஆதலால் மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுடை, தொழுகை விரிப்பு ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். எங்கள் பெட்டிகளுள் ஒன்று வரவேயில்லை. விசாரித்தபோது பாதுகாப்புப் பிரிவில் இருப்பதாகச் சொன்னார்கள். எங்களுக்குத் தெரியாமல் ராத்தா அதனுள் மின்சாரச் சோற்றுப் பானை ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார்! தீ விபத்துக்கு அஞ்சி, சூடாக்கும் எந்தக் கருவியையும் கப்பல்களில் அனுமதிப்பதில்லை. கடைசி நாளில் பானையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ராத்தாவின் கவலையும் பொருளற்றதன்று. உணவு விஷயத்தில் நாம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ஹலால் உணவு வேண்டுமென்று பதிவு செய்யும்போதே எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏறிய பின் பரிமாறுகிறவரைக் கேட்டால், சமையற்கட்டில் நடப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. பொதுப் பந்தியில் ஒரே இடுக்கியைப் பலவற்றுக்கும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் மீன், முட்டை, காய்கறி, பழம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு குறையும் இருக்கவில்லை. உண்ணுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதில் மட்டும் அலட்சியம் கூடாது. ஆயிரக்கணக்கானோர் அடைந்திருக்கும் இடத்தில் வயிற்றுப்போக்கு வெகு விரைவில் பரவும். கப்பலில் மருத்துவர் உண்டு. ஆனால் அவருக்குரிய கட்டணம் பெரிது. கடலில் நேரும் நோய்க்கும் செல்லத்தக்க காப்பீடு இன்றி முதியவர்களை அழைத்துச் செல்லாதீர்கள்.

அறையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கணக்கிருக்கிறது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. சன்னலில்லாத உள்ளறை மலிவானது. ஆனால் உம்மா கடலைப் பார்க்க வேண்டுமே! ஆகவே சன்னலுள்ள அறையொன்றை நடுவிலே எடுத்தோம். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு நோக்கிக் கப்பல் வடமேற்காகச் செல்வதால், கிப்லா ஏறக்குறையக் கப்பலின் முன்புறத்துக்குச் சற்று இடப்பக்கமாக அமைகிறது. திரும்பும்போது பின்புறத்துக்குச் சற்று வலப்பக்கமாக. அறையிலுள்ள தொலைக்காட்சியில் கப்பல் செல்லும் திசையைக் காட்டும் படம் வருகிறது. அதைக் கொண்டு திசையைச் சரிபார்த்துக்கொண்டோம்.

ஏறியவுடன் ஆபத்துக்காலப் பயிற்சி. கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, நமக்குக் குறிக்கப்பட்ட கூடுமிடத்திற்கு நேரில் சென்று பதிவு செய்ய வேண்டும். பலர் இதைச் சடங்காகவே கருதினர். என் பேரப்பிள்ளைகளும் நீச்சல் குளத்திற்கு ஓடத் துடித்தனர். உம்மா விடவில்லை. 'சிதம்பரம்' கப்பலில் 1985-இல் தீப்பிடித்துப் பலர் மாண்டதையும், அத்தோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனதையும் எங்கள் ஊர் மறக்கவில்லை. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சரிந்தபோது 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அதுவரை பயிற்சியே அளிக்கப்பட்டிருக்கவில்லை. புறப்படுமுன், அல்லது புறப்பட்டவுடனேயே பயிற்சி நடக்க வேண்டுமென்ற விதி அதன் பிறகே வந்தது. ஏழு சிறு ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது ஆபத்து அறிவிப்பு. தீயென்றால் மின்தூக்கியில் ஏறக் கூடாது. ஆகையால் அறையிலிருந்து கூடுமிடம் வரை உம்மாவை மெல்ல மெல்லப் படிகளிலேயே நடத்திப் பழக்கினோம். அதன் பிறகுதான் அவர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

அன்றிரவு மேல்தளத்தில் ஒரே இசை, ஒரே வெளிச்சம். உம்மா அவற்றைப் பார்க்கவில்லை. பக்கவாட்டுத் தளத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இருட்டிலே தொலைவில் மினுங்கிய கப்பல் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரஜூலா இந்தத் தண்ணியிலயா வந்துச்சு?" என்று கேட்டார். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் போகும்போது இதே வழிதான் என்றேன். வெகுநேரம் வேறெதுவும் பேசவில்லை.

பினாங்கில் எங்களுக்குக் கிடைத்த நேரம் பிற்பகல் ஒரு மணி முதல் இரவு ஏழரை வரை. கேட்பதற்கு ஆறரை மணி நேரம். கையில் கிடைப்பது அவ்வளவன்று. நாலாயிரம் பேர் இறங்குகிறார்கள். சக்கர நாற்காலிக்கு வரிசை. கப்பலார் நாற்காலி தருவது ஏறவும் இறங்கவும் மட்டுமே. கரையில் கொண்டுபோக வேண்டுமானால் சொந்தமாகவோ வாடகைக்கோ முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இந்த விவரம் எங்களுக்குத் தாமதமாகவே தெரிந்தது. மகன் ஓடியலைந்து ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து, நாங்கள் காரில் ஏறியபோது மணி மூன்றாகிவிட்டது. பிள்ளைகளுக்கு மலை ரயில் பார்க்க ஆசை, மருமகளுக்குக் கடைத்தெரு, எனக்கும் நாசி கண்டார் சோற்றின்மேல் ஒரு கண். எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். உம்மா வந்தது ஒரே காரியத்துக்காக.

வாப்பாவின் கடை முதலாளி 1981-இல் எழுதிய கடிதத்தில் அடக்கத்தலத்தின் பெயரும், மதிலோரத்து வரிசையென்ற குறிப்பும் இருந்தன. அதன் நகலை மூன்று மாதங்களுக்கு முன்பே அங்குள்ள அன்பரொருவருக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்லியிருந்தேன். அவர் வாயிலில் காத்திருந்தார். பழைய பதிவேட்டைப் பார்த்து வரிசையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. வரிசை தெரிந்தது, ஆனால் அந்த இடத்தில் எழுத்தில்லாத மீஸான் கற்களோடு மூன்று கபுறுகள் இருந்தன. எது வாப்பாவுடையது என்று சொல்ல எவராலும் இயலவில்லை. எனக்கு நெஞ்சடைத்துப் போயிற்று. இத்தனை தூரம் அழைத்து வந்து, இதைத்தானா உம்மாவுக்குக் காட்டுவது?

உம்மா சிறிது நேரம் மூன்றையும் பார்த்தார். "மூணு பேருக்கும் சலாம் சொல்லிட்டேன். மூணு பேரும் வீடு வாசலை விட்டுட்டு வந்தவங்கதானே" என்றார். கையேந்தி துஆ செய்தார். குடையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன். என் பேரன் தானாகவே அருகில் வந்து கையேந்தினான். அவன் கப்பலேறியதிலிருந்து ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு கேப்டன் கெலிங் பள்ளிவாசலில் அஸர் தொழுதோம். சூலியா வீதியில் நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த சிறிய தர்கா ஒன்று இருக்கிறது. அதைக் கண்டதும், "நம்ம ஊரு இங்கேயும் இருக்கே, அவரு தனியா இல்லே" என்று உம்மா சொன்னார். மேலும் சிறிது நேரம் அங்கேயே இருக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். உம்மாவே, "மணி என்ன? கிளம்பு. கப்பலு நிக்காது" என்றார். நாகப்பட்டினத்துக் கரையில் நின்று எத்தனை முறை அந்தச் சங்கொலியைக் கேட்டவர் அவர்! மழையில் தெருவெல்லாம் வண்டிகள். துறைமுகத்தை அடைந்தபோது கெடுவுக்கு இருபது நிமிடமே எஞ்சியிருந்தது.

கரையில் தாமே சுற்றுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கப்பலார் மூலம் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். நாமே போய்த் தாமதித்தால் காத்திருக்காது. குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். புக்கெட்டில் மற்றொரு பாடமும் கற்றோம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. கரையில் இறங்கியதும் கைப்பேசி தானாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிட்டது; கப்பலோ பழைய நேரத்திலேயே நின்றது. உம்மா கையில் கட்டியிருந்த பழைய கடிகாரம் இல்லாதிருந்தால் மகன் ஒரு மணி நேரம் பிந்தியிருப்பான்.

ஊர் திரும்பியதும் ராத்தா முதலில் சோற்றுப் பானையைப் பற்றித்தான் கேட்டார். உம்மா அவரை அருகில் அமர்த்தி, மூன்று கபுறுகளைப் பற்றிச் சொன்னார். ராத்தா அழுதார். "என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்றார். முன்பு மறுத்தவரும் அவரே என்பதை நான் நினைவூட்டவில்லை.

விடுமுறைக்குக் கப்பலேறுவது இன்று நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இயலக்கூடியதாகியிருக்கிறது. நாட்களை நிரப்புவதற்கு வேண்டியவை அனைத்தும் கப்பலிலேயே இருக்கின்றன. எதற்காகப் போகிறோம் என்பதை மட்டும் நாமே கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. கப்பலையும் அறையையும் தேர்ந்தெடுக்குமுன், வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் அவர்கள் எங்கே போக விரும்புகிறார்கள் என்று ஒருமுறை கேளுங்கள். என் உம்மாவிடம் நாற்பது ஆண்டுகளாக நான் கேட்கவில்லை. அவராகக் கேட்டிராவிட்டால், அந்த வரிசையின் முன் எங்களில் ஒருவரும் நின்றிருக்க மாட்டோம்.