தேங்காய் பன்னும் விறகடுப்பும்

திருப்பூரில் பேக்கரி என்றால் அது டீக்கடையும்தான். முன்பக்கம் பாய்லரும் கண்ணாடி அலமாரியும் இருக்கும். பழைய கடையானால் பின்பக்கம் ஒரு செங்கல் அடுப்பும் இருக்கும். பனியன் கம்பெனிகளில் டீ டைம் விட்டதும் அலமாரி காலியாகிறது. வேலை இரவுவரை நீளும் ‘ஒன்றரை ஷிப்ட்’ நாட்களில் இரவிலும் இதே கதைதான். ஒரு டீயோடு பசியை அடக்குவதில் தேங்காய் பன்னுக்கு நிகரில்லை.

தென்னிந்தியாவில் பேக்கரி பெரும்பாலும் குடும்பத் தொழிலாகவே பரவியது. மாம்பள்ளி பாபு 1880-இல் தலச்சேரியில் பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கினார். அவர் குடும்பத்தார் கேரளத்தின் பல ஊர்களில் கடை வைத்தார்கள். 1898-இல் பெங்களூரில் ஐயங்கார் பேக்கரி தொடங்கியது; ஹாசன் பக்கத்துக் குடும்பங்கள் அந்தப் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோயின. கொங்கு நாட்டுக் கடைகளில் இரண்டு கைப்பக்குவமும் தெரியும். தேங்காய்ப் பூரணம் வைத்த, தேங்காய் பன்னுக்குப் பங்காளியான ‘தில்பசந்த்’ ஐயங்கார் பேக்கரிப் பண்டம்.

தேங்காய் பன்னுக்கு, மைதா, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட், டால்டா சேர்த்துப் பிசைந்த மாவு புளித்து உப்பியதும் தட்டளவு வட்டமாகத் தேய்க்கப்படுகிறது. அதன்மேல் துருவிய தேங்காய், சர்க்கரை, டூட்டி ஃப்ரூட்டி. (சிவப்பும் பச்சையுமான அந்தத் துண்டுகள் பழமல்ல, பாகில் ஊறிய பப்பாளிக் காய்.) இன்னொரு வட்டத்தை மேலே போர்த்தி ஓரத்தை விரலால் மடித்து அழுத்துகிறார் மாஸ்டர். பிறகு முள்கரண்டியால் நாலைந்து குத்து. ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் மேல்தோல் பலூன் மாதிரி எழும்பி, தேங்காயை விட்டுப் பிரிந்துவிடும்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிவிடலாம். எழுத முடியாதது அடுப்பு. மலையாளத்து மாஸ்டர்கள் இதைப் போர்மா என்பார்கள். அடுப்புக்குள்ளேயே விறகை மணிக்கணக்கில் எரித்து, தணலையும் சாம்பலையும் வாரி, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைக்க வேண்டும். பிறகு எரிவதற்கு நெருப்பு கிடையாது. செங்கல் குடித்த சூடு மட்டுமே. ஒரு பிடி மைதாவைத் தளத்தில் வீசிப் பார்க்கிறார்கள். உடனே கருகினால் காத்திருக்க வேண்டும்; மெல்லப் பொன்னிறமானால் தட்டுகளை நீளத் துடுப்பால் உள்ளே தள்ளலாம். கடும் சூட்டில் ரொட்டி, அடுத்து பன், தணிந்த சூட்டில் பிஸ்கட், கடைசியில் இரவெல்லாம் உள்ளே கிடந்து காயும் ரஸ்க். அப்பாவிடமிருந்து மகனுக்கும், மாஸ்டரிடமிருந்து கையாளுக்கும் போய்ச் சேரும் செய்முறை என்பது அளவுக் கணக்கைவிட இந்த வரிசைதான்.

கொழுப்பு விஷயத்தில் ஒரு குறை சொல்ல வேண்டும். வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி இதே மாவட்டத்தில் இருந்தும் பன்னில் சேர்வது டால்டா. விலை அப்படி.

இப்போது டீசலிலும் மின்சாரத்திலும் ஓடும் அடுப்புகள் வந்துவிட்டன. வெப்பத்தை முள் காட்டுகிறது, புகையும் இல்லை; அடுப்படியில் வெந்துகொண்டிருந்த மாஸ்டர்களுக்கு இது விடுதலையே. ஆனால் அணைத்ததும் ஆறிவிடும் அடுப்பில் ரஸ்க்குக்குத் தனியாக எரிபொருள் செலவு.

விறகடுப்புப் பன்னை அடையாளம் காண, வாங்கியதும் திருப்பிப் பார்த்தால் போதும்: செங்கல் தளத்தின் சூட்டில் அடிப்பாகம் திட்டுத்திட்டாகச் சிவந்திருக்கும்.