குடையும் குழிப்பந்தும்

சனிக்கிழமை காலை ஆறரை மணி. ஃபேரர் பார்க்கில் உள்ள எங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில், ஒரு நீளமான குடையை இரு கைகளாலும் பிடித்து வீசிக்கொண்டிருந்தேன். மழை இல்லை. கல்மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த மூன்றாம் மாடித் தாத்தா சிறிது நேரம் என்னையே பார்த்தார்.

"ஏம்மா, பாம்பு கீம்பு வந்திருச்சா?"

"இல்லை தாத்தா. கோல்ஃப் பழகுறேன்."

"பந்து எங்கே?"

"இங்கே பந்து அடிக்கக்கூடாது. அதனாலதான் குடை."

தாத்தா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தில் பரிதாபம் தெரிந்தது.

இது நானாகத் தேடிக்கொண்ட விளையாட்டு அன்று. வேலைக்காக வெளிநாடு சென்ற என் அண்ணன், தன் கோல்ஃப் மட்டைகளை என் வீட்டில் விட்டுச் சென்றார். "சும்மா கிடக்கிறதுக்கு நீயாவது விளையாடேன்" என்றார். நாற்பத்து மூன்று வயதில் தொடக்க நிலை வகுப்பில் சேர்ந்தேன். 46 கிராம்கூட எடை இல்லாத பந்து. அது அசையாமல் நம் முன்னால் கிடக்கிறது. யாரும் அதை நம்மை நோக்கி வீசப்போவதில்லை. இதை அடிப்பதில் என்ன சிரமம் என்றுதான் நினைத்தேன்.

நான்காவது சனிக்கிழமை 50 பந்துகளை அடித்தேன். அவற்றில் 31 பந்துகள் நேராகவும் உயரமாகவும் பறந்தன. வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குத் தொலைபேசியில் பெருமையடித்தேன். அடுத்த வாரம் அதே மட்டை, அதே இடம். முதல் பந்து மூன்று மீட்டர் உருண்டு நின்றது. இரண்டாவது வீச்சில் தரைவிரிப்பைத்தான் அடித்தேன். 50 பந்துகளில் தேறியவை ஆறுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் காற்றைக் குறை சொன்னேன், கையுறையைக் குறை சொன்னேன், கடைசியில் அண்ணனின் மட்டைகளையும் விட்டுவைக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பயிற்சிக்குப் போகவில்லை. வேலை அதிகம் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் பந்துகளை வரிசையாகப் பறக்கவிட்டுக்கொண்டிருப்பான். அவன் முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது.

என் பயிற்றுவிப்பாளர் அறுபது வயதைத் தாண்டிய மலாய்க்காரர். என்னைச் 'சிக்கு' என்றே அழைப்பார். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். "சிக்கு, உடம்பு சரியில்லையா?" என்று அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதற்குமேல் ஒளிய முடியவில்லை. மறுநாள் சென்றேன். அன்றும் பந்துகள் திசைக்கு ஒன்றாக ஓடின. பொறுமை இழந்து அவரிடமே கேட்டேன்: "போன மாதம் நன்றாகத் தெரிந்தது, இப்போது எப்படி மறந்துபோனது?"

கேட்டு முடித்ததும் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. அந்தக் கேள்வியை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

பாடத்திட்ட அதிகாரியாவதற்கு முன் நான் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். உயர்நிலை இரண்டில் ஒரு மாணவன். வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சியில், ஒரு திங்கட்கிழமை, தன் பாட்டியின் சமையலைப் பற்றி அழகாகப் பேசினான். எனக்கே வியப்பு. புதன்கிழமை மற்ற மாணவர்களும் கேட்கட்டும் என்று அவனை மறுபடி எழுப்பினேன். இரண்டு வாக்கியத்தோடு தடுமாறி நின்றுவிட்டான். "திங்கட்கிழமை தெரிந்தது இன்றைக்கு எப்படி மறந்துபோனது?" என்று கேட்டேன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் வகுப்பு சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் கை உயர்த்தவே இல்லை.

பிறகு கல்வியியலில் முதுநிலைப் பட்டத்துக்குப் படித்தேன். ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1967இல் எழுதிய நூலைப் பற்றி அங்கே அறிந்தேன். ஒரு திறனைக் கற்பதில் மூன்று நிலைகள் உண்டு என்பது அவர்கள் கருத்து. முதலில் ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்துச் செய்வோம். கடைசி நிலையில் யோசிக்காமலே வரும். நடுவில் இருப்பதுதான் நீண்ட காலம். பிழைகள் மெல்லக் குறையும், ஆனால் இன்று வருவது நாளை வராமலும் போகும். இதைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அப்போதுகூட அந்த மாணவன் என் நினைவுக்கு வரவில்லை.

பயிற்றுவிப்பாளர் என் கேள்விக்குச் சிரித்தார். "போன மாதம் அடித்ததில் பாதி அதிர்ஷ்டம், சிக்கு" என்றார். பிறகு ஒரே மட்டையால் 50 பந்துகளை அடிக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையோ இலக்கையோ மாற்ற வேண்டுமாம். மாற்றினேன். எண்ணிக்கை இன்னும் குறைந்தது! ஆனால் அவர் சொன்னதில் பொருள் இருந்தது. இப்படிக் கலந்து பயிலும்போது ஆட்டம் மோசமாகத் தெரியும். நாளடைவில் மனத்தில் தங்குவது அதுதான் என்பதை 1979இல் ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் சோதனையில் கண்டார்கள். பாடநூல் பயிற்சிகளில் பழைய பாடங்களின் கேள்விகளை நாங்கள் இடையிடையே கலப்பதும் இதனால்தான். மாணவர்களுக்கு அது பிடிப்பதில்லை என்பது எங்களுக்கும் தெரியும்.

அந்த மாதத்தில்தான், ஒரு பாடத்துக்காக ஃபேரர் பார்க்கின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருந்தேன். 1843 முதல் 1933 வரை இங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதன் எச்சம். 1911இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்ததும் இந்தத் திடலில்தான். இவை எனக்கு முன்பே தெரியும். தெரியாத ஒன்றும் கிடைத்தது. 1891இல் தொடங்கிய சிங்கப்பூர் கோல்ஃப் மன்றம், இதே பந்தயத் திடலில் ஒன்பது குழிகளுடன் ஆடியிருக்கிறது. நான் குடை வீசும் இடத்துக்கு அருகில்!

அக்காலப் பந்துகள் கட்டா பெர்ச்சா என்னும் மரப்பாலால் ஆனவை. அந்த மரம் நம் வட்டாரக் காடுகளில் வளர்வது. 1840களில் சிங்கப்பூரிலிருந்துதான் அதன் மாதிரிகள் லண்டனுக்குச் சென்றன. 1848 வாக்கில் அதில் பந்து செய்யத் தொடங்கினார்கள். புதிய பந்துகள் வழவழப்பாக இருந்தன. ஆனால் அவை சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டுக் கீறலும் வடுவும் விழுந்த பழைய பந்துகளே நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். அதன்பின் பந்து செய்பவர்கள் புதிய பந்துகளிலேயே சுத்தியலால் வடுக்களை இட்டார்கள். இன்றைய பந்தின்மேல் உள்ள நூற்றுக்கணக்கான சிறு பள்ளங்கள் அப்படி வந்தவைதான். பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து வெகுநேரம் உருட்டிப் பார்த்தேன். அந்த மாணவனுக்கு இப்போது முப்பது வயதாவது இருக்கும்.

போன சனிக்கிழமை பயிற்சி முடிந்து திரும்பும்போது தாத்தா அதே கல்மேசையில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அவர் கணக்குக் கேட்கிறார்.

"இன்னைக்கு எத்தனை?"

"பதினாலு தாத்தா."

"போன வாரம்?"

"பத்தொன்பது."

"அடுத்த வாரம்?"

"தெரியலையே தாத்தா."

அவர் தலையாட்டிக்கொண்டே காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது. காப்பிக் கடைக்குப் போக வேண்டும் என்றார். குடையை அவரிடம் கொடுத்தேன்.