காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நின்று கிழக்கே நோக்கினால் நீரும் வானும் அன்றி வேறொன்றும் தெரியாது. காரைக்காலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பழகிய காட்சி. மூன்று பக்கமும் தமிழ்நாட்டு மாவட்டங்கள். நான்காம் பக்கம் வங்கக் கடல். வடக்கே பூவத்தைக் கடந்தாலும் தெற்கே வாஞ்சூரைக் கடந்தாலும் ஆட்சி எல்லை மாறிவிடும். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர் அது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு கூறு. ஆதலால் 'எந்த ஊர்?' என்னும் எளிய வினாவுக்குக் காரைக்கால்காரர் ஒரே சொல்லில் விடை கூறிவிட முடிவதில்லை.

கிளிஞ்சல்மேட்டு மீனவக் குடும்பத்திலிருந்து மருத்துவம் பயிலத் தென்சீனத்தின் பூஜியான் மாநிலத்துக்குச் சென்ற மாணவி ஒருத்திக்கு இவ்வினா முதலாண்டு முழுவதும் ஓயாத தொல்லையாக இருந்தது. 'இந்தியா' என்றால் அடுத்த வினா தில்லியைப் பற்றி வரும். 'தமிழ்' என்றால் அஃது எங்கே உள்ளது என்பர். காரைக்கால் என்றால் வகுப்புத் தோழர் அலைபேசி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடுவர், இறுதியில் ஒரு சிறு புள்ளியைக் கண்டு, "இவ்வளவு சிறிய ஊரா?" என்று சிரிப்பர். அச்சிரிப்பில் தீங்கு ஏதுமில்லை. எனினும், தன்னை அறியாத நாட்டில் தன் ஊருக்கு ஒரு சான்றும் இல்லையே என்ற எண்ணம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் சீனர் முன்னோரை நினைக்கும் 'சிங்மிங்' நாள் வருகிறது. குடும்பத்தார் கூடிச் சென்று கல்லறைகளைத் துப்புரவு செய்து, உணவும் நறும்புகையும் படைப்பர். இளவேனில் தளிர்க்கும் காலமாதலால் இளைஞர் ஊர்சுற்றக் கிளம்புவதும் உண்டு. அவ்விடுமுறையில் நால்வர் ஒரு பயணம் புறப்பட்டனர்: காரைக்கால் மாணவி, கேரளத் தோழி, ஆந்திரத் தோழன், அவர்களுக்குச் சீனம் பேசி வழிகாட்டிய வகுப்புத் தோழி. சீனத் தோழியின் சொந்த ஊர் சுவான்சோ. பயணத்தின் முடிவும் அங்கேதான்.

சியாமென் நகரையும், அதன் எதிரே உள்ள குலாங்யூ தீவையும் ஒரு பகலில் பார்த்து முடித்தனர். மலைநாட்டில் 'துலோ' எனப்படும் வட்ட வடிவ மண்வீடுகளைக் காணச் சென்றனர். ஒரே சுற்றுச்சுவருக்குள் ஓர் ஊரே குடியிருக்கும் கோட்டை போன்ற வீடுகள் அவை. அவற்றைப் பற்றி நண்பர்கள் நெடுநேரம் வியந்து பேசினர். காரைக்கால் மாணவியோ பேருந்தில் உறங்கிப்போனாள். மலை அவளுக்கு அயலானது. கடல் தெரிந்தபோதுதான் விழிப்பு வந்தது.

சுவான்சோவின் சுன்பு என்னும் மீனவர் குப்பத்தில் வீட்டுச் சுவர்கள் சிப்பி ஓடுகளால் ஆனவை. கையளவு ஓடுகள் செதில் செதிலாக அடுக்கப்பட்டு வெயிலில் மின்னுகின்றன. வெளிநாடு சென்று திரும்பிய கப்பல்கள் அடிப்பாரத்துக்காக ஏற்றிவந்த ஓடுகள் அவை என்று ஊரார் கூறுவர். கிளிஞ்சல் என்பதையே ஊர்ப்பெயரில் தாங்கியவள், கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய கரையில் பிறந்தவள், அச்சுவரைத் தடவிப் பார்த்தாள். மீன்கூடையோடு நடந்த மூதாட்டியரின் கொண்டையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூச்சரம். பூ விற்றவளிடம் வெள்ளை மொட்டுகளைச் சுட்டி இது என்னவென்று வினவியபோது, "மோலி" என்றாள் அவள். சீன மொழியில் மல்லிகைக்கு அதுவே பெயர். 'மல்லிகா' என்னும் இந்தியச் சொல்லின் திரிபு. பூவோடு பெயரும் கடல் கடந்திருக்கிறது.

ஊருக்குள் நுழைந்ததும் மற்றொரு மரம் அவளை நிறுத்தியது. முள் நிறைந்த கிளைகளில் செந்நிறப் பூக்கள். வேலியோரத்தில் நிற்கும் கல்யாண முருங்கை! சங்கப் புலவர் 'கவிர்' என்றது இதனையே. சீனர் இதனைச் 'சித்தோங்' என்பர். இம்மரங்கள் நகரைச் சூழ்ந்து நின்றமையால் அயல்நாட்டு வணிகர் சுவான்சோவைச் 'சைத்தூன்' என்று அழைத்தனர். மார்க்கோ போலோ உலகின் தலைசிறந்த துறைமுகங்களுள் ஒன்றாகப் புகழ்ந்த சைத்தூன் இந்நகரே. 2021இல் யுனெஸ்கோ இதனை உலக மரபிடங்களுள் சேர்த்தது.

இத்தகைய துறைமுகத்தில் தமிழர் வந்து தங்கியதற்குக் காரணம் வணிகம் மட்டுமன்று. காற்றும் ஒரு காரணம். பாய்மரக் காலத்தில் கப்பலை நடத்தியவன் மாலுமி எனினும், நாளைக் குறித்தது பருவக்காற்றே. தென்மேற்குக் காற்று கிழக்கே கொண்டு செல்லும். வடகிழக்குக் காற்று மேற்கே கொண்டு வரும். கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று சோழமண்டலக் கரையின் மீனவர் இன்றும் வழங்கும் காற்றுப் பெயர்களுக்குள் ஆசியக் கடல் வணிகத்தின் கால அட்டவணையே அடங்கியிருக்கிறது. சரக்கை விற்று முடித்த வணிகன் உடனே திரும்ப இயலாது. காற்று மாறும்வரை மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவனுக்கு வீடு வேண்டும். வழிபட ஒரு கோயில் வேண்டும். இவ்வாறே பயணிகள் குடிகளாயினர்.

காற்றுக்குக் காத்திருந்தவர் வணிகர் மட்டுமல்லர், மாணவரும்தாம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊசிங், சீஹோங் என்னும் இரு சீனத் துறவியர் நண்பர்களாய் இந்தியாவுக்குக் கற்கப் புறப்பட்டனர். தென்சீனக் கரையின் ஹெப்பு துறையில் கப்பலேறினர், காற்று எதிர்த்தது, வேறோர் கரையில் ஒதுங்கிப் பருவம் மாறும்வரை தங்கினர். பிறகு சிறீவிசயம், மலாயு, கடாரம் எனத் துறை துறையாகக் கடந்தனர். குளிர்காலத்தின் இறுதியில் கடாரத்திலிருந்து மேற்கே திரும்பிய கப்பல், முப்பது நாளில் அவர்களை நாகப்பட்டினத்தில் இறக்கியது. அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை. இவற்றை எழுதிவைத்தவர் அவர்களுடைய சமகாலத்தவரான இத்சிங். நாகப்பட்டினம் காரைக்காலுக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். காரைக்கால் மாணவி விமானத்தில் ஒரு நாளில் கடந்த தொலைவை, அவ்விரு மாணவரும் பருவங்களை எண்ணிக் கடந்தனர். ஊசிங் தாய்நாடு திரும்பவில்லை; திரும்பும் வழியில் வட இந்தியாவிலேயே இறந்தார்.

மறுநாள் நால்வரும் கையுவான் கோயிலுக்குச் சென்றனர். 686இல் நிறுவப்பட்ட பெரிய பௌத்தக் கோயில் அது. முன்றிலின் இருபுறமும் வானளாவிய இரு கற்கோபுரங்கள். பெருங்கூடத்தின் பின்தாழ்வாரத்தில் மட்டும் இரு தூண்கள் ஏனையவற்றோடு ஒட்டாமல் தனித்து நிற்கின்றன. பதினாறு பட்டைகள் கொண்ட கருங்கல் தூண்கள். ஆந்திரத் தோழன் முதலில் கண்டான்: இரணியனை மடியிற் கிடத்திய நரசிம்மர். கேரளத் தோழி சுற்றி வந்து, இரு மரங்களுக்கிடையே தவழும் கண்ணனைக் கண்டாள். அருகில் நின்ற சீன முதியவர் அத்தூண்களைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். அவை எவர் கதை என்று அவர் அறிந்திருப்பாரா என்பது தெரியவில்லை. அறிய வேண்டிய தேவையும் அவருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

கடல்சார் வரலாற்று அருங்காட்சியகத்தில் அவள் நெடுநேரம் நின்றது ஒரு சிறு புடைப்புச் சிற்பத்தின் முன். யானை ஒன்று தும்பிக்கையால் தாமரையை ஏந்தி இலிங்கத்துக்குச் சாத்துகிறது. திருவானைக்காவின் கதை! யானையும் சிலந்தியும் போட்டியிட்டு வழிபட்ட காவிரிக்கரைக் கதை. பாட்டி மடியில் கேட்ட கதை. இந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் கிடைத்த இத்தகைய சைவ, வைணவச் சிற்பங்கள் ஏறத்தாழ முந்நூறு. 1956இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்வெட்டோ தமிழிலேயே பேசுகிறது. சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, சித்திரைத் திங்கள் சித்திரை நாளில் சம்பந்தப் பெருமாள் என்பவர் செகசை கான் திருமேனி நலத்துக்காக, அவருடைய ஆணைப்படி, இறைவனை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. இறுதியில் ஒரு வரி சீன எழுத்து. அப்போது சீனத்தை ஆண்டவர் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான். அக்கல்வெட்டைப் படித்து விளக்கியவர் தமிழகக் கல்வெட்டறிஞர் தி. நா. சுப்பிரமணியன்.

இக்கற்களுள் பலவற்றைக் காத்தவர் அரசரோ செல்வரோ அல்லர். பள்ளி ஆசிரியர் ஒருவர். பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த கலகத்தில் அயல்நாட்டார் குடியிருப்புகள் அழிந்தன. கோயில் கற்கள் மதிலிலும் பாலத்திலும் புதைந்தன. இருபதாம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பட்டபோது, ஊ வென்லியாங் என்னும் அவ்வாசிரியர் வெளிப்பட்ட கற்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். தம் மொழியல்லாத எழுத்தும் தம் சமயமல்லாத உருவமும் கொண்ட கற்கள் அவை. பின்னர் அவற்றை நாட்டுக்கு வழங்கினார். 'எவருடையவை' என்று கேட்டிருந்தால் அவர் ஒரு கல்லையும் தூக்கியிருக்க மாட்டார்.

நகருக்கு வெளியே செதியான் என்னும் சிற்றூரில் சிறு மண்டபம் ஒன்று உண்டு. அதனுள் நான்கு கைகளோடு அமர்ந்திருக்கும் அம்மன் தமிழர் கோயிலொன்றின் எச்சம். ஊர்ப்பெண்களுக்கு அவள் கருணை வடிவான குவான்யின். நாள்தோறும் நறும்புகை ஏற்றுகின்றனர். சிங்மிங் நாளாதலால் சீனத் தோழியின் வீட்டார் அன்று முன்னோர் கல்லறைக்குச் சென்றிருந்தனர்; அவளோ நண்பர்களை இங்கு அழைத்து வந்திருந்தாள். நால்வரும் ஆளுக்கொரு ஊதுவத்தி ஏற்றினர். இங்கே இறந்த தமிழர்க்குக் கல்லறை துடைக்க எவரும் இல்லை என்ற நினைவு காரைக்கால் மாணவிக்கு எழுந்தது. புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது சீனத் தோழி இயல்பாகக் கேட்டாள்: "எங்கள் ஊரில் உங்கள் கோயில் இருந்ததே, உங்கள் ஊரில் எங்களுடையது ஏதாவது இருக்கிறதா?"

காரைக்கால் மாணவி உடனே விடை கூறவில்லை. விடை அவளுக்குத் தெரியும். பள்ளிச் சுற்றுலாவில் கேட்டறிந்தது. இருபது வயதளவில் இதே சுவான்சோவிலிருந்து கடற்பயணம் தொடங்கிய வாங் தாயுவான் என்பவர், சோழமண்டலக் கரையில் செங்கற்கோபுரம் ஒன்றையும் அதில் 1267ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்தையும் கண்டதாகத் தம் நூலில் எழுதியுள்ளார். சைத்தூனில் சிவபெருமான் எழுந்தருளியதற்குப் பதினான்கு ஆண்டு முன்பே சீனர் அங்கே ஒரு பணியை முடித்திருந்தனர்! நாகப்பட்டினத்தில் நெடுங்காலம் நின்று கப்பல்களுக்கு அடையாளமாய் விளங்கிய 'சீனக் கோபுரம்' அதுவே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்டர் எலியட் அதனைக் கண்டு குறிப்பெழுதினார். 1867இல் ஆங்கில அரசின் இசைவுடன் இயேசு சபைத் துறவியர் தம் கட்டடப் பணிக்காக அதனை இடித்தனர்.

"இருந்தது," என்றாள் அவள். "அறுநூறு ஆண்டு இருந்தது. இடித்துவிட்டார்கள்."

"ஒரு கல்கூட இல்லையா?"

"செங்கல் கோபுரம். ஒன்றும் இல்லை."

தோழி குறையாகப் பேசவில்லை. ஆனால், சைத்தூனில் இரண்டு நாளாகப் பெருமிதத்தோடு நடந்தவளுக்கு அதன்பின் அந்நடை வரவில்லை. தன் ஊரை எவரும் அறியவில்லை என்று ஓராண்டாக மனத்தில் வைத்திருந்த குறை இப்போது திசை மாறி அவளையே நோக்கி நின்றது. காரைக்காலம்மையாரின் கணவன் பரமதத்தன் நாகப்பட்டின வணிகனின் மகன், கப்பலேறிப் பொருளீட்டியவன். அம்மையாரின் உருவம் கம்போடியாவின் பந்தியாய் சிறீ கோயில் வரை சென்றிருக்கிறது. போனவற்றைப் பற்றிப் பேசவும் எழுதவும் நம்மிடம் நிறைய உண்டு. வந்தவர்களைப் பற்றி?

ஆடி மாத விடுமுறையில் ஊர் திரும்பியவளிடம் பாட்டி முதலில் கேட்டது, "அங்கே சாமிக்கு விளக்கேற்றினாயா?" என்பதுதான். ஊதுவத்தி ஏற்றினேன் என்றாள். அதுவும் சரிதான் என்றாள் பாட்டி.

இரண்டு நாள் கழித்துத் தந்தையோடு வாஞ்சூர் வழியே நாகப்பட்டினம் சென்றாள். கோபுரம் நின்ற இடத்தைத் தோழிக்குப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது எண்ணம். படமெடுக்க அங்கே ஒன்றும் இல்லை. இருவரும் கடற்கரைக்கு நடந்தனர். அவள் கடலைப் படமெடுத்தாள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வலுவாக வீசிற்று. தாவணி முனை கிழக்கே பறந்தது.

"கச்சான்," என்றார் தந்தை. "இது போகிற காற்று, பாப்பா. வருகிற காற்றுக்கு ஐப்பசி பிறக்க வேண்டும்."

படத்தோடு அதனையும் எழுதி அனுப்பினாள்.